பழைய மெழுகுவர்த்தித் தாங்கி: கோளாறைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பது

பழைய உலோகத் தாங்கி ஒன்றில் ஏதோ சரியில்லை என்று பட்டால் முதலில் அதைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள். துணி, பாலிஷ், தண்ணீர் எல்லாம் அப்புறம். என்னிடம் வந்து சேர்ந்தவற்றில் பாதிக்கு மேல் கெட்டது சுத்தம் செய்த கையால்தான். அதில் ஒன்றிரண்டு என் கை.

பேச வசதியாகப் பெயர்களை முடிவு செய்துகொள்வோம். கீழே பீடம், நடுவில் தண்டு, மேலே வர்த்தி செருகும் கிண்ணம், வழியும் மெழுகைப் பிடிக்கும் தட்டு. கையில் ஒரு டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு சின்னக் காந்தம், பல்குத்தும் மரக்குச்சி, பஞ்சு இருந்தால் போதும். கத்தி, கம்பி நார், உப்புத்தாள் மூன்றையும் வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

நிற்க வைத்தால் ஆடுகிறது

எது ஆடுகிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். கண்ணாடிப் பலகைமேல் நிறுத்தி, பீடத்தை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு தண்டை அசையுங்கள். பீடமே நொண்டினால் விளிம்பு வளைந்திருக்கிறது. அது பெரிய விஷயமில்லை. ஒட்டிய துணியோ தக்கையோ ஒரு பக்கம் தேய்ந்திருந்தாலும் இப்படித்தான் நொண்டும். பீடம் அசையாமல் தண்டு மட்டும் ஆடினால் கோளாறு மூட்டில்.

இப்போது கவிழ்த்துப் பாருங்கள். பீடத்தின் நடுவில் சுத்தியலால் தட்டிப் பரப்பிய ஒரு குமிழ் தெரிந்தால், தண்டின் அடிமுனையைத் துளை வழியாக விட்டு மடக்கித் தட்டிய மூட்டு அது. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பித்தளைத் தாங்கிகளில் பெரும்பாலும் இதுதான். இது தளர்ந்தால் இன்னும் நாலு தட்டு தட்டத் தோன்றும். வேண்டாம். பழைய வார்ப்புப் பித்தளை அடியைத் தாங்காமல் குமிழ் ஓரத்தில் பிளக்கும், குமிழோடு அதன் வயதுச் சான்றும் போய்விடும். லேசான ஆட்டத்தோடு அலமாரியில் நிற்பது ஒரு குறையே இல்லை. வர்த்தி ஏற்றியே ஆக வேண்டும் என்றால் மூட்டின் இடுக்கில் கொஞ்சம் தேன்மெழுகை உருக்கி விடுங்கள், பிடித்துக்கொள்ளும், வேண்டாதபோது எடுத்துவிடலாம்.

குமிழுக்குப் பதில் மரை இருந்தால், இறுக்குவதற்கு முன் கழற்றி மரையைப் பாருங்கள். கையால் வெட்டிய மரை கொஞ்சம் கோணலாக, இடைவெளி சமமில்லாமல் இருக்கும். இயந்திரத்தில் வெட்டியது ஒரே சீராக ஓடும். 19ஆம் நூற்றாண்டுத் தாங்கிகளில் மரை சர்வசாதாரணம். அதற்காக மரை இருந்தாலே புதுசு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஐரோப்பியக் கண்டத்துப் பழைய தாங்கிகளிலும் மரை உண்டு. ஒரு ஜோடியைக் கழற்றினால் எந்தத் தண்டு எந்தப் பீடத்தினுடையது என்று நூல் கட்டி வையுங்கள். கையால் வெட்டிய மரை தன் ஜோடியைத் தவிர இன்னொன்றில் ஒழுங்காக ஏறாது.

பச்சை பிடித்திருக்கிறது

எல்லாப் பச்சையையும் களிம்பு என்று சொல்லிவிடுகிறோம். மூன்று வகை இருக்கிறது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. மரக்குச்சியால் தொட்டுப் பார்த்தே பிரித்துவிடலாம்.

குச்சி பட்டதும் பிசுபிசுப்பாக, மெழுகு மாதிரி வழித்துக்கொண்டு வந்தால் நிம்மதி. அது வர்த்தியிலிருந்து வந்தது. விலங்குக் கொழுப்பில் செய்த வர்த்தியிலும் ஸ்டியரின் (கொழுப்பிலிருந்து பிரித்தெடுத்த கெட்டிப் பொருள்) வர்த்தியிலும் கொழுப்பு அமிலம் இருக்கிறது. அது செம்போடு சேர்ந்து பச்சைச் சோப்புப் போல ஒன்றை உண்டாக்கும். ஸ்டியரின் வர்த்திக்குப் பிரெஞ்சு வேதியியலாளர்கள் ஷெவ்ரலும் கே-லூசாக்கும் காப்புரிமை வாங்கியது 1825இல். அதனால் 19ஆம் நூற்றாண்டுத் தாங்கியின் கிண்ணத்துக்குள்ளும் தட்டின் மூலையிலும் இந்தப் பச்சை இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பாலிஷ் எண்ணெயை மூலையில் விட்டுவைத்தாலும் இதே பச்சைதான் வரும். வொயிட் ஸ்பிரிட்டை (பெயிண்ட் கரைக்கும் திரவம்) பஞ்சில் தொட்டுத் துடைத்தால் பஞ்சு பச்சையாகும், உலோகம் பழைய நிறத்துக்கு வரும். அடியில் குழி எதுவும் இருக்காது.

குச்சிக்கு அசையாமல், வழவழவென்று, உலோகத்தோடு உலோகமாக ஒட்டியிருந்தால் அது நிலைத்துப்போன பாட்டினா, அதாவது காலத்தால் படிந்த மேற்படலம். அதைத் தொடவே தொடாதீர்கள். அது அரிப்பைத் தடுத்துக்கொண்டிருக்கிறது, பார்க்கவும் அழகு.

மூன்றாவதுதான் பயப்பட வேண்டியது. வெளிறிய பச்சையில், மாவு மாதிரி, புள்ளி புள்ளியாக இருக்கும். குச்சி பட்டதும் உதிரும். உதிர்ந்த இடத்தில் ஒரு சின்னக் குழி தெரியும். இதைத்தான் வெண்கல நோய் என்பார்கள். பெயர் அப்படியே தவிர பித்தளைக்கும் வரும். மண்ணுக்குள் கிடந்தது, கடலிலிருந்து வந்தது, உப்புப் பட்டது இவற்றில் அதிகம். உலோகத்துக்குள் தங்கிய செம்புக் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தையும் ஆக்சிஜனையும் சேர்த்துக்கொண்டு அமிலத்தை உண்டாக்குகிறது. அந்த அமிலம் இன்னும் கொஞ்சம் செம்பைத் தின்று மறுபடி குளோரைடு ஆகிறது. மேலே துடைத்தால் போகும், சில வாரத்தில் அதே இடத்தில் திரும்ப வந்து நிற்கும்.

சந்தேகமாக இருந்தால் இப்படிச் சோதியுங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் தாங்கியை வையுங்கள், அதில் படாமல் ஓரத்தில் ஈரப் பஞ்சு ஒன்றை வைத்து மூடி ஒரு நாள் விட்டுவிடுங்கள். புதிதாகப் பளிச்சென்ற பச்சைப் புள்ளிகள் முளைத்தால் நோய் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சோதனை முடிந்த கையோடு நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றுங்கள். ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது தூங்கும். பொடியைக் குச்சியால் எடுப்பது உங்களால் ஆகும். அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் ரசாயனத்தைப் போடுவது போன்ற வைத்தியம் பழம்பொருள் பராமரிப்பு தெரிந்தவர் கையில் இருக்கட்டும், அது உடம்புக்கும் நல்லதில்லை. வெண்கல நோய் பிடித்ததை மற்றவற்றிலிருந்து தள்ளி வைக்கச் சொல்வார்கள். தொற்றுநோய் போல அது தாவுவதில்லை, ஆனால் உதிர்ந்த குளோரைடுப் பொடி பக்கத்துத் தாங்கிமேல் படக்கூடாது என்பதால் தள்ளி வைப்பது நல்லதுதான்.

எவ்வளவு தேய்த்தாலும் சில இடங்கள் மட்டும் பளபளக்கவில்லை

மேலே லாக்கர் பூச்சு, அதாவது வார்னிஷ் மாதிரி ஒன்று, இருக்கிறது. அது விரிசல் விட்ட இடங்களில் காற்றுப் புகுந்து உலோகம் கறுத்திருக்கிறது. நீங்கள் தேய்ப்பதெல்லாம் பூச்சைத்தான். பீடத்தின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அசிட்டோன் தொட்ட பஞ்சை ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். பஞ்சு ஒட்டிக்கொண்டு மஞ்சளாக வந்தால் லாக்கர்தான். காற்றோட்டமான இடத்தில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து எடுக்கலாம்.

எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இது வெறும் பித்தளைதானா, தங்க முலாமா? பள்ளங்களில் மங்கிய தங்க நிறம், மேடுகளில் கண்ணாடி போன்ற பளபளப்பு, கறுப்பே ஏறாத மஞ்சள் என்று இருந்தால் முலாம் பூசிய வெண்கலமாக இருக்கலாம். அதன்மேல் பித்தளை பாலிஷ் பட்டால் தங்கம் துணியோடு போய்விடும். அழுக்கு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

செம்பு நிறம் எட்டிப் பார்க்கிறது

வெள்ளி நிறத் தாங்கியிலா, மஞ்சள் நிறத் தாங்கியிலா?

வெள்ளி நிறத்தில் என்றால், விளிம்புகளிலும் மேடான வேலைப்பாட்டிலும் ரோஜாச் சிவப்புத் தெரிவது முலாம் தேய்ந்ததால். ஆனால் எந்த முலாம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1740களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் தாமஸ் போல்சோவர் செம்புத் தகட்டோடு வெள்ளித் தகட்டைச் சூட்டில் ஒன்றாக ஒட்டி உருட்டும் முறையைக் கண்டுபிடித்தார். அதுதான் ஷெஃபீல்டு பிளேட். 1840இல் பர்மிங்காமின் எல்கிங்டன்கள் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்றதும் அது வழக்கொழிந்தது. இரண்டையும் பிரிக்க மூட்டுகளைப் பாருங்கள். ஷெஃபீல்டு பிளேட்டில் தகட்டை மடக்கி ஒட்டிய கோடு எங்காவது தெரியும், செம்பு தெரியாமலிருக்க விளிம்பில் வெள்ளிக் கம்பி வைத்து மூடியிருப்பார்கள். மின்முலாம் முழுப் பொருளும் செய்து முடிந்தபிறகு ஏறுவது, அதனால் ஒட்டிய கோட்டையும் சேர்த்து மூடிவிடும். நிறத்திலும் கொஞ்சம் வித்தியாசம் உண்டு, மின்முலாம் சுத்த வெள்ளி என்பதால் இன்னும் வெளுப்பு. ஷெஃபீல்டு பிளேட் என்று தெரிந்தால் மறுமுலாம் பேச்சே வேண்டாம். முலாம் பூசிய நிமிடத்திலிருந்து அது ஷெஃபீல்டு பிளேட் என்று யாருக்கும் காட்ட முடியாது.

ஹால்மார்க் போலவே தெரியும் முத்திரைகளில் ஏமாறாதீர்கள். ‘ஈ.பி.என்.எஸ்.’ என்றால் நிக்கல் சில்வர்மேல் மின்முலாம். நிக்கல் சில்வர் என்பது செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்தது, அதில் வெள்ளி துளியும் கிடையாது. அது தேய்ந்தால் சிவப்பு வராது, மஞ்சளோடிய சாம்பல்தான் வரும்.

மஞ்சள் நிறத் தாங்கியில் ரோஜாத் திட்டு இருந்தால் யாரோ புளிப்பான எதையோ போட்டு ஊற வைத்திருக்கிறார்கள். எலுமிச்சையோ வினிகரோ அமிலக் கரைசலோ, பித்தளையிலுள்ள துத்தநாகத்தை அது தின்றுவிட்டுச் செம்பை மட்டும் மேலே விட்டுவைக்கும். மேலோட்டமாக இருந்தால் மிருதுவான பாலிஷில் நாலு முறை துடைத்தால் மறையும். ஆழமாக இறங்கியிருந்தால் பூதக்கண்ணாடியில் பஞ்சு போலத் துளைத்துளையாகத் தெரியும். அதைத் திரும்பப் பித்தளையாக்க வழி இல்லை.

குலுக்கினால் உள்ளே சத்தம், அல்லது தண்டு சாய்ந்துகொண்டே போகிறது

இதில்தான் நான் கையைச் சுட்டுக்கொண்டேன். கையளவு உயரமுள்ள வெள்ளித் தாங்கி. கிண்ணத்தில் பழைய மெழுகு அடைத்துக்கொண்டிருந்தது. வெந்நீரில் முக்கி வைத்தேன். கால்மணி நேரம் கழித்து எடுத்தபோது பீடத்தின் ஓரத்திலிருந்து கறுப்பாக ஒன்று நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. தாங்கியை நிமிர்த்தியதும் தண்டு மெதுவாக, தூக்கம் வந்தவர் தலை மாதிரி, ஒரு பக்கம் சாய்ந்தது. தண்ணீர்மேல் தார் வாசனை.

அரக்கு அடைத்த நகை தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, ஷெஃபீல்டில் தொடங்கி, மெல்லிய வெள்ளித் தகட்டை அச்சில் அழுத்தி, பாதிகளை ஒட்டி, உள்ளே கீலோ (தார் போன்றது) பிசினோ சுண்ணச் சாந்தோ நிரப்பித் தாங்கி செய்தார்கள். நடுவில் பலத்துக்கு ஒரு இரும்புக் கம்பியும் இருப்பதுண்டு. அடியைத் தகடு, மரம் அல்லது பச்சைத் துணியால் மூடிவிடுவார்கள். கையில் கனக்கும், வெள்ளி கொஞ்சம்தான். பிற்காலத்தவற்றில் ‘லோடட்’, ‘வெயிட்டட்’ என்று அடியில் பொறித்திருக்கும். பொறிப்பு இல்லாவிட்டாலும் அடி மூடியிருந்தாலே அடைத்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே: சத்தம் வந்தால் நிரப்பியது உடைந்து துண்டாகியிருக்கிறது. தண்டு சாய்ந்தால் கீல் சூட்டில் இளகியிருக்கிறது. ஜன்னல் வெயிலே போதும். ஒட்டிய கோடு பக்கவாட்டில் வாய் பிளந்தால் உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடித்துப் பருத்திருக்கலாம். மூன்றுக்கும் வீட்டு வைத்தியம் கிடையாது. பற்றவைப்பவரிடம் கொடுத்தால், உள்ளே கீல் இருக்கிறது என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மூடிய கூட்டுக்குள் கீல் சூடானால் வாயு அடைத்து வெடிக்கும்.

அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்ட வெந்நீரில் வெள்ளியை முக்கும் வித்தை எல்லோருக்கும் தெரியும். அடைத்த தாங்கிக்கு அது ஆகவே ஆகாது. கரைசல் இடுக்கு வழியாக உள்ளே போய் வெளியே வராது. அடைக்காத வெள்ளியிலும் அது பள்ளங்களில் இருக்கும் நிழல்கறுப்பையும் சேர்த்து எடுத்து, வேலைப்பாட்டைத் தட்டையாக்கிவிடும்.

ஓட்டை இருக்கிறது

கிண்ணத்தின் பக்கத்தில் ஓட்டை என்றால் சந்தோஷப்படுங்கள். எரிந்து தீர்ந்த அடிக்கட்டையைக் குச்சியால் நெம்பி எடுக்கப் பழங்காலத்தவர் வைத்த துளை அது. 16, 17ஆம் நூற்றாண்டுத் தாங்கிகளில் நிறையப் பார்க்கலாம். தண்டில் நீளவாக்கில் வெட்டு இருந்தால் வர்த்தியை மேலே தள்ளும் பிடி ஓடிய பாதை. பீடத்தின் அடியில் நடுவில் பொத்தானோ அது இருந்த துளையோ இருந்தால் அதுவும் வர்த்தியைத் தள்ளத்தான், அது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு.

பீடத்தின் பக்கவாட்டில், தரையை ஒட்டி, பென்சில் நுழையும் அளவு துளை இருந்தால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. மின்விளக்காக மாற்றியபோது ஒயர் விடத் துளைத்தது. ஓரத்தைத் தடவிப் பாருங்கள். புதுத் துளை விரலை உறுத்தும், உள்விளிம்பின் நிறம் மற்ற இடத்தைவிட வெளிச்சமாக இருக்கும். கிண்ணத்தின் அடியையும் துளைத்திருப்பார்கள். அடைக்கலாம், ஆனால் அடைத்தது அடைத்ததாகவே தெரியும்.

காந்தம் ஒட்டுகிறது

எங்கே ஒட்டுகிறது? அடியில் மட்டும் என்றால் வாஷரோ நட்டோ கம்பியோ இருக்கலாம், பதறத் தேவையில்லை. தண்டு முழுக்க ஒட்டினால் இரும்புமேல் பித்தளை முலாம்.

ஒட்டாததாலேயே பித்தளை ஆகிவிடாது. வெண்கலப் பூச்சுப் போட்ட துத்தநாகச் சிற்பத் தாங்கிகளும் காந்தத்துக்கு மசியாது. அடிப்பக்கத்தில் நகக்கீறல் அளவு ஒரு இடத்தில் வெள்ளைச் சாம்பல் நிறம் தெரிந்தால், தட்டினால் கணீரென்று இல்லாமல் மொத்தென்று கேட்டால், துத்தநாகம்தான். கீழே விழுந்தால் வளையாது, ஒடியும்.

தண்டில் நேர்கோடாக ஒரு கீறல்

இது விரிசலா, ஒட்டா? 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ 18ஆம் நூற்றாண்டின் கடைசிவரை இங்கிலாந்தில் பித்தளைத் தண்டை நீளவாக்கில் இரண்டு பாதியாக வார்த்து, பொடி வைத்து ஊதி ஒட்டினார்கள். உலோகம் மிச்சம் பிடிக்கும் வேலை. அதற்கு முன்பு தண்டு கெட்டி வார்ப்பு, அதற்குப் பின்பு மறுபடி ஒரே வார்ப்பு. எனவே எதிரெதிரே இரண்டு கோடுகள், மேலிருந்து கீழ்வரை, கொஞ்சம் நிறம் மாறி ஓடினால் அது ஒட்டு. கண்ணுக்குச் சரியாகப் படாவிட்டால் தண்டின்மேல் வாயால் ஊதி ஆவி படியவிடுங்கள். ஒரு கணம் கோடு எழுந்து மறையும். வெள்ளியில் பழைய ஒட்டுவேலையைக் கண்டுபிடிக்கவும் இதே வித்தைதான்.

நிஜ விரிசல் வளைந்து நெளிந்து, கிளை விட்டு, பெரும்பாலும் அழுத்தியோ சுழற்றியோ செய்த மெல்லிய பாகங்களில் வரும். அப்படிப்பட்ட தட்டிலும் கிண்ணத்திலும் இறுக்கம் உள்ளேயே தங்கியிருக்கும். அதன்மேல் அமோனியா பட்டால் வெடிக்கும். இந்தியாவில் பிரிட்டிஷ் படையின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலங்களில் தானாக வெடிப்பு விட்டன. குதிரை லாயங்களிலிருந்து வந்த அமோனியாவும் ஈரமும்தான் காரணம் என்று 1921இல் விளக்கினார்கள். உங்கள் பாலிஷ் டப்பா மூக்கைத் துளைத்தால் மெல்லிய தட்டுகளுக்கு அதைப் போடாதீர்கள்.

வெள்ளைப் பொடி

வேலைப்பாட்டின் பள்ளங்களில் என்றால் யாரோ துடைக்காமல் விட்ட பாலிஷ். மிருதுவான பிரஷும் வொயிட் ஸ்பிரிட்டும் போதும். பியூட்டரிலோ (வெள்ளீயக் கலவை உலோகம்) ஈயத்திலோ என்றால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், உலர்ந்த பிரஷால் தட்டாதீர்கள், அது ஈயக் கார்பனேட்டாக இருக்கலாம். அலமாரி ஓக் மரமா என்று பாருங்கள். அதிலிருந்து வரும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். இடத்தை மாற்றாமல் துடைத்தால் திரும்ப வரும்.

மெழுகு போகவில்லை, வர்த்தி பொருந்தவில்லை

பாரஃபின் மெழுகு வகையைப் பொறுத்து 46 முதல் 68 டிகிரி செல்சியஸுக்குள் உருகும், தேன்மெழுகு 62 முதல் 64க்குள். அடி திறந்த, அடைக்காத வார்ப்புப் பித்தளைக்குக் கொதிக்காத வெந்நீர் போதும். (உருகிய மெழுகைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள், குழாய் அடைக்கும்.) அடைத்த தாங்கிக்குக் கிண்ணத்தை மட்டும் ஹேர் டிரையரின் குறைந்த சூட்டில் காட்டி மரக்குச்சியால் எடுங்கள். லாக்கர் போட்டதற்கும் அதேதான்.

வர்த்தி பருமனாக இருந்தால் அடியை வெந்நீரில் காட்டிச் சீவுங்கள், கிண்ணத்தை அகலப்படுத்தாதீர்கள். இன்றைய நீள வர்த்திகள் பல 22 மில்லிமீட்டரில் வருகின்றன, பழைய கிண்ணங்களுக்கு அப்படி ஓர் அளவு கிடையாது. தளர்வாக இருந்தால் மெல்லிய தேன்மெழுகுத் தாளைச் சுற்றிச் செருகுங்கள். கடைசிவரை எரிய விடவே வேண்டாம். ஈயப் பற்று 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், பியூட்டர் கிண்ணமும் அதைவிட ரொம்பத் தாங்காது.

ஜோடி என்றார்கள், எனக்கு ஜோடியாகத் தெரியவில்லை

உயரத்தில் ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம் கைவேலையில் சகஜம், அதை வைத்துக் குறை சொல்லாதீர்கள். இரண்டையும் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். ஒன்றின் அடியில் கடைசல் உளியின் வட்ட வரிகள், மற்றொன்றில் மணல் அச்சின் சொரசொரப்பு அப்படியே என்றால், சொரசொரப்பானது பிற்காலத்து நகல். பழைய பட்டறையில் அடிப்பக்கத்தையும் கடைசல் பிடித்தே அனுப்புவார்கள். தேய்மானம் தரையைத் தொடும் விளிம்பில் இருக்க வேண்டும். தரையையே தொடாத உட்குழிவில் தேய்ந்திருந்தால் யாரோ வேண்டுமென்றே தேய்த்திருக்கிறார்கள்.

தண்டின் நடுவிலோ கீழேயோ அகலத் தட்டு வைத்த டச்சு மாதிரியில் இன்னும் கவனம் வேண்டும். ஹீம்ஸ்கெர்க் தாங்கி என்று அதற்குப் பெயர். 1596-97 குளிர்காலத்தை ஆர்க்டிக் தீவான நோவயா செம்லியாவின் பனியில் கழித்த டச்சுக் கப்பல்காரர்களில் ஹீம்ஸ்கெர்க் ஒருவர். அவர்கள் விட்டுப்போன வீட்டை 1871இல் கண்டுபிடித்தார்கள், அங்கே கிடைத்த மெழுகுவர்த்தித் தாங்கிகள் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கின்றன. அந்த மாதிரிக்கு 19, 20ஆம் நூற்றாண்டுகளில் நகல்கள் வந்துகொண்டே இருந்தன. பழசு ஒன்று, நகல் ஒன்று என்று சேர்த்து ஜோடியாக்கிய இரண்டு என் அலமாரியிலேயே நிற்கின்றன. எது எது என்று அடியில் பென்சிலால் எழுதி ஒரு காகிதம் செருகி வைத்திருக்கிறேன்.